மரப்படகைக் கொல்வது கடல் அல்ல, மழை!

முதலில் ஒரு கேள்வி. ஒரே மரத்தில் ஒரே மாதிரி இரண்டு சின்னப் படகுகள் செய்கிறோம். ஒன்று தினமும் உப்புத் தண்ணீரில் ஓடிவிட்டு மாலையில் கரைக்கு ஏறுகிறது. இன்னொன்றைப் பத்திரமாக, செல்லப் பிள்ளை போல, ஷெட் ஓரத்தில் தார்ப்பாய் போட்டு மூடி வைக்கிறோம். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் எந்தப் படகு கெட்டுப் போயிருக்கும்?

வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டேன். பாதிப் பேருக்கு மேல் “கடலில் ஓடிய படகுதான்” என்றார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் விடை வேறு. கெட்டுப் போவது மூடி வைத்த படகுதான்! ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை. அதோடு நான் செய்த ஒரு தப்பையும் இந்த மலரில் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

எண்டர்பிரைஸ் என்றொரு படகு

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பாய்ப்படகு சங்கத்தின் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய படகு கிடந்தது. “எடுத்துக்கிட்டுப் போறதா இருந்தா போங்கப்பா, இடமாவது மிஞ்சும்” என்றார்கள். மினி லாரி பிடித்து எங்கள் கார்பென்டரி ஷாப்புக்குக் கொண்டுவந்தோம். அதற்குள்ளே முழங்கால் அளவு மழைத் தண்ணீர், வேப்பஞ்சருகு, நாலைந்து தவளை. பின்பலகையில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து பாதி அழிந்து தெரிந்தது. பிறகுதான் அது எண்டர்பிரைஸ் வகைப் படகு என்று தெரிந்துகொண்டோம்.

டிங்கி என்றால் ஒருவரோ இருவரோ ஓட்டும் சின்னத் திறந்த படகு. எண்டர்பிரைஸ் டிங்கியை வரைந்தவர் ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயப் படகுக் கைவினைஞர். ஆண்டு 1956. லண்டனில் வெளிவந்த ‘நியூஸ் கிரானிக்கிள்’ என்ற பத்திரிகை இந்தப் படகுக்கு ஆதரவு கொடுத்தது. விளம்பரத்துக்காக இரண்டு எண்டர்பிரைஸ் படகுகள் அந்த வருடமே குளிர்காலத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தன. நீளம் சுமார் 4 மீட்டர். கட்டுடல் எடை சுமார் 90 கிலோ. ஒரு பெரிய பாய், முன்னால் ஒரு சின்னப் பாய். இரண்டுமே நீல நிறம். ஓட்ட இரண்டு பேர். இதுவரை 20,000-க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். 1960-ல் அந்தப் பத்திரிகை நின்று போயிற்று. படகு நிற்கவில்லை! நம் நாட்டில் என்.சி.சி. கடற்படைப் பிரிவு மாணவர்கள் போட்டி ஓட்டும் வகைகளில் எண்டர்பிரைஸும் ஒன்று.

இதில் நம்மைப் போன்ற டிப்ளமோ மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. அதற்கு முன்பெல்லாம் மரப்படகு என்றால் பலகை பலகையாக வளைத்து, விலா எலும்பு மாதிரிக் கட்டைகளில் ஆணி அடித்து, கைதேர்ந்த தச்சர்தான் செய்ய முடியும். இரண்டாம் உலகப் போர் இதை மாற்றியது. போரில் ‘மாஸ்கிட்டோ’ என்ற விமானத்தையே பிளைவுட்டில் செய்தார்கள். அதை ஒட்ட முதலில் பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசையைப் பயன்படுத்தினார்கள். ஈரமும் சூடும் உள்ள நாடுகளில் அது தாங்கவில்லை. அதனால் யூரியா ஃபார்மால்டிஹைடு பசைக்கு மாறினார்கள். அந்தப் பசையைச் செய்த டக்ஸ்ஃபோர்டு ஊர்க் கம்பெனிதான் 1946-ல் ‘அரால்டைட்’ என்ற பெயரையும் கொண்டுவந்தது. ஆம்! நம் வீட்டில் உடைந்த பிளாஸ்டிக் குடத்தை ஒட்டுகிறோமே, அந்த அரால்டைட்தான்!

போர் முடிந்ததும் தண்ணீருக்குப் பிரியாத பசையும் பிளைவுட்டும் படகுக்கு வந்தன. தட்டையான பிளைவுட் தகட்டை அறுத்து, மடிப்பு மடிப்பாகச் சேர்த்தால் படகு. ஜாக் ஹோல்ட் வரைந்த படகுகளைப் பள்ளி வாத்தியாரும் தபால்காரரும்கூட வீட்டு கராஜில் கட்டினார்கள். 1962-ல் அவர் பாரி பக்னெல் என்ற தொலைக்காட்சிக் கைவினைஞரோடு சேர்ந்து வடிவமைத்த ‘மிர்ரர்’ டிங்கி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பிளைவுட் தகடுகளைச் செம்புக் கம்பியால் துணி தைப்பது போலத் தைத்து, தையலின்மேல் கண்ணாடி நார் நாடாவும் ரெசினும் பூசினால் முடிந்தது வேலை! அந்த வகையில் 70,000 படகுகள் வரை கட்டியிருக்கிறார்கள்.

அதாவது, மாணவர்கள் கட்டக்கூடிய படகு என்றால் மாணவர்கள் பழுது பார்க்கவும் முடியும். இந்த நம்பிக்கையில்தான் இறங்கினோம். ஆழம் தெரியாமல் காலை விட்டோம் என்று வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

மக்கிய இடத்துக்கு மக்கு வைத்த கதை

தண்ணீரை இறைத்துவிட்டு, படகைக் கவிழ்த்துப் போட்டு, பழைய பெயின்டைச் சுரண்ட ஆரம்பித்தோம். கார்பென்டரி மாஸ்டர் கையில் ஒரு குத்தூசியோடு வந்தார். படகைச் சுற்றி வந்து, டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு இடமாகத் தட்டினார், குத்தினார். பின்பலகையின் அடிப்பக்கம், சரியாகச் சுக்கான் மாட்டும் கொண்டிக்குக் கீழே, குத்தூசி கைப்பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. வெண்ணெயில் போவதுபோல் போயிற்று.

“இது மரம் இல்லப்பா, காப்பித் தூள். இதை வெட்டி எடுத்துட்டு வேற போடணும்.”

“எத்தனை நாள் ஆகும் மாஸ்டர்?”

“காயவே ஒரு மாசம் ஆகும்.”

கல்லூரி நாளுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. அன்று படகைக் காட்சிக்கு வைப்பதாகவும், மறுநாள் தண்ணீரில் இறக்குவதாகவும் அழைப்பிதழிலேயே அச்சாகிவிட்டது. மாஸ்டர் ஊருக்குப் போயிருந்த இரண்டு நாளில் நான் ஒரு முடிவு எடுத்தேன். நான்தான் எடுத்தேன், வேறு யாரும் இல்லை. மக்கின இடத்தைக் கொஞ்சம் சுரண்டிவிட்டு, பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டு, மேலே இரண்டு கோட் நீலப் பெயின்ட் அடித்தேன். அதிலேயே கொண்டிக்கு ஸ்குரூவும் போட்டேன். தச்சுத் தொழிலில் பட்டிக்கு ‘மக்கு’ என்றும் பெயர் உண்டு. மக்கிய இடத்துக்கு மக்கு வைத்த மக்கு நான்!

கல்லூரி நாளன்று படகு பளபளவென்று நின்றது. எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஊரிலிருந்து திரும்பிய மாஸ்டர் பின்பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வெட்டினியா?” என்றார். “ஆச்சு மாஸ்டர்” என்றேன். அந்த ஒரு வார்த்தையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் உப்பங்கழியில் இறக்கினோம். சுக்கான் என் கையில். முன்பாயைப் பிடிக்க முதலாம் ஆண்டுத் தம்பி ஒருவன், மீனவக் குடும்பத்துப் பையன். இரண்டு பேரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தோம். அன்று நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது. மேல்காற்று நன்றாக வீசியது. கழிமுகம் கிழக்கே. படகு பறந்தது என்றே சொல்லலாம். கரையில் கைதட்டல் கேட்டது.

கால் மணி நேரம்தான். ஒரு பலத்த காற்று வந்தது. படகு திரும்பப் பார்த்தது. நான் சுக்கானை இழுத்துப் பிடித்தேன். ‘சர்க்’ என்று ஒரு சத்தம். சுக்கான் கொண்டியோடு, ஸ்குரூவோடு, நான் வைத்த பட்டியோடு கழன்று என் கையில் வந்துவிட்டது! படகு தன்பாட்டுக்குச் சுற்றியது. பாயின் அடிக்கழி மறுபக்கம் வீசி அடித்ததில் தம்பிக்கு நெற்றியில் வெட்டு. அடுத்த நொடி இரண்டு பேரும் தண்ணீரில்.

நிமிர்த்தத் தெரியும் என்பதால் நிமிர்த்தினோம். ஆனால் உள்ளே தண்ணீர், சுக்கான் இல்லை, காற்று கழிமுகத்தைப் பார்த்துத் தள்ளுகிறது. அதைத் தாண்டினால் கடல். நான் என்ன செய்வது என்று தெரியாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெற்றியில் இரத்தம் வழிய அந்தத் தம்பிதான் சொன்னான்:

“அண்ணே, முதல்ல பாயை இறக்குங்க.”

இறக்கினேன். அவன் துடுப்பை எடுத்துப் பின்னால் உட்கார்ந்து, கட்டுமரத்தில் போடுவதுபோல் தண்ணீரில் ஊன்றி, படகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரம் கட்டினான். கழிமுகத்துக்கு முன்னால் இருந்த மணல் திட்டில் படகு தட்டி நின்றது. மீன்பிடிக்கப் போய்த் திரும்பிய ஒரு ஃபைபர் படகு எங்களைக் கட்டி இழுத்து வந்தது. தம்பிக்கு நாலு தையல்.

மாஸ்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை! “பெயின்ட் அடிச்சா கண்ணுக்குத் தெரியாது. தண்ணிக்குத் தெரியும்” என்று மட்டும் சொன்னார். பிறகு, “நாளைக்குக் காலைல வா, ரம்பத்தை எடு” என்றார்.

மரம் ஏன் மக்குகிறது?

மரத்தை மக்க வைப்பது தண்ணீர் அல்ல. காளான் வகையைச் சேர்ந்த பூசணம். அது உயிர் வாழ நாலு விஷயம் வேண்டும்: சாப்பாடு, காற்று, மிதமான சூடு, ஈரம். சாப்பாடு மரமே. காற்றும் சூடும் நம் ஊரில் தாராளம். நாம் கட்டுப்படுத்தக்கூடியது ஈரம் ஒன்றுதான். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூசணம் வளராது. அதற்கு மேலே ஏறி, அங்கேயே தங்கினால் கொண்டாட்டம்தான்.

அப்படியானால் கடல் தண்ணீர்? அதிலே சுமார் 3.5 சதவீதம் உப்பு. ஊறுகாய் ஏன் கெடுவதில்லையோ, கருவாடு ஏன் கெடுவதில்லையோ, அதே காரணத்தால் உப்பு ஊறிய மரத்தில் பூசணம் எளிதில் வளராது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பெரிய மரக்கப்பல் கட்டும்போது சட்டங்களுக்கு இடையில் கல்லுப்பைக் கொட்டியே நிரப்பி வைத்தார்கள். கப்பலுக்கே ஊறுகாய் போட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

மழைத் தண்ணீரில் உப்பு கிடையாது. அது ஒரு சின்ன விரிசல் வழியாக உள்ளே இறங்கி, பிளைவுட்டின் ஓரத்தை உறிஞ்ச வைத்து, மேலே பெயின்ட் இருப்பதால் வெளியேற வழியில்லாமல் தங்குகிறது. தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடினால் காற்றோட்டமும் போச்சு. வெளியே சொட்டுத் தண்ணீர் தெரியாது, உள்ளே நடப்பதோ கல்யாண விருந்து.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கடலுக்கும் ஒரு எதிரி உண்டு. மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு. ஆனால் அது தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் படகுக்குத்தான் ஆபத்து. தினமும் கரை ஏறும் டிங்கிக்கு அந்தப் பயம் இல்லை.

நம் கடற்கரை மக்கள் இதையெல்லாம் லேப் இல்லாமலே தெரிந்து வைத்திருந்தார்கள். கட்டுமரம் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து மணலில் காயப் போடுவார்கள். நனைந்த மரம் கனக்கும், காய்ந்த மரம் மிதக்கும், பிரித்துப் போட்டால் எல்லாப் பக்கமும் காற்றுப் படும். இப்போது பெரும்பாலும் ஃபைபர் படகு வந்துவிட்டது. ஆனால் அந்தப் பாடம் பழசாகவில்லை.

நோய் எங்கே என்று கண்டுபிடிப்பது

பழைய மரப்படகு கைக்கு வந்தால் முதல் வேலை பெயின்ட் டப்பா வாங்குவது அல்ல. நோய் பார்ப்பது. தண்ணீர் தேங்கும் இடம், இரண்டு மரம் சேரும் இடம், ஸ்குரூ ஏறிய இடம் ஆகிய மூன்றிலும்தான் பெரும்பாலும் நோய் இருக்கும். எங்கள் படகில் பார்த்தவை இவை: பின்பலகையின் அடி மூலைகள், பாய்மரம் நிற்கும் குழி, நடுப்பலகை ஏறி இறங்கும் பெட்டி அடிக்கட்டையோடு சேரும் மூட்டு, மேல்தளத்தின் ஓரம்.

சோதனை மூன்று வகை. முதலாவது தட்டல். திருப்புளியின் கைப்பிடியால் தட்டினால் நல்ல மரம் ‘டங்’ என்னும், கெட்ட மரம் ‘தொப்’ என்னும். இரண்டாவது குத்தல். குத்தூசியை அழுத்தினால் நல்ல மரம் தடுக்கும், வெளியே இழுக்கும்போது இறுக்கிப் பிடிக்கும். மூன்றாவது நம் லேபிலேயே செய்யக்கூடியது. சந்தேகமான இடத்தில் ஒரு சின்னத் துண்டு மரம் எடுத்து எடை போடுங்கள். 103 டிகிரி செல்சியஸ் அவனில், எடை குறைவது நிற்கும்வரை வைத்து மறுபடி எடை போடுங்கள். உதாரணமாக ஈர எடை 26 கிராம், காய்ந்த எடை 20 கிராம் என்றால், வித்தியாசம் 6. அதை 20-ஆல் வகுத்தால் 30 சதவீதம். பூசணத்துக்கு இது சொர்க்கம்! பசை, பெயின்ட் எதுவும் அதன்மேல் போடக் கூடாது. 15 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காத்திருந்தோம்.

காத்திருப்பதுதான் கஷ்டமான வேலை. படகை நிழலில், நாலு செங்கல் உயரத்தில், எல்லாப் பக்கமும் காற்றுப் படும்படி வைத்தோம். வெயிலில் போட்டால் வெளிப்பக்கம் மட்டும் சீக்கிரம் சுருங்கி பிளைவுட் வாய் பிளந்துவிடும். மாஸ்டர் சொன்ன ஒரு மாதம் கடைசியில் ஏழு வாரம் ஆயிற்று. ஆரம்பத்தில் நாலு பேர் மூச்சு வாங்கத் தூக்கிய படகை, காய்ந்த பிறகு மூன்று பேர் பேசிக்கொண்டே தூக்கினோம். அவ்வளவு தண்ணீரை அது குடித்திருந்தது.

அறுவை சிகிச்சை

வெட்டுவதில் தயவு தாட்சண்யம் கூடாது. மக்கிய இடத்தை மட்டும் அல்ல, அதைச் சுற்றி நல்ல மரத்திலும் ஒரு சாண் சேர்த்து வெட்டினோம். பூசணத்தின் இழை கண்ணுக்குத் தெரியாமல் நல்ல மரத்திலும் ஓடியிருக்கும்.

புது மரத்துக்குக் கப்பல் தர பிளைவுட் வாங்கினோம். நம் நாட்டில் அதற்கு ஐ.எஸ். 710 என்ற தர எண் இருக்கிறது. அந்தத் தரப்படி 72 மணி நேரம் கொதிக்கும் நீரில் போட்டாலும் அடுக்கு பிரியக் கூடாது. முத்திரையை மட்டும் நம்பாமல் ஒரு துண்டை ஹாஸ்டல் மெஸ் அடுப்பில் சனிக்கிழமை முழுவதும் கொதிக்க வைத்தோம். சமையல்காரர், “என்ன குழம்புப்பா இது?” என்றார். அடுக்கு பிரியவில்லை!

பழைய பிளைவுட்டோடு புதியதைச் சேர்க்கும்போது முனையோடு முனை ஒட்டக் கூடாது, நிற்காது. இரண்டையும் சரிவாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று படுக்க வைக்க வேண்டும். கணக்கு 1-க்கு 8. அதாவது 6 மில்லிமீட்டர் பிளைவுட் என்றால் சரிவின் நீளம் 48 மில்லிமீட்டர். ஒட்டும் பரப்பு கூடுவதால் மூட்டு மரத்தைப் போலவே பலமாக இருக்கும். சரிவு சரியாக வந்ததா என்று தெரிந்துகொள்ள மாஸ்டர் ஒரு வழி காட்டினார். இழைப்புளியால் சீவச் சீவ பிளைவுட்டின் அடுக்குகள் கோடு கோடாகத் தெரியும். கோடுகள் நேராகவும் சம அகலமாகவும் இருந்தால் சரிவு சரி. வளைந்திருந்தால் அங்கே மேடு இருக்கிறது. அளவுகோலே தேவையில்லை!

ஒட்ட எபாக்ஸி. இதில் நாங்கள் கற்ற நாலு பாடம்:

1. ரெசினும் ஹார்டனரும் டப்பாவில் போட்ட விகிதப்படிதான் கலக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட ஊற்றினால் இறுகவே இறுகாது.

2. கலந்ததை ஆழமான கப்பில் வைக்காதீர்கள். நம் ஊர்ச் சூட்டுக்கு அது தானாகக் கொதித்துப் புகை விடும். அகலமான தட்டில் ஊற்றி வையுங்கள். கையுறை கட்டாயம்.

3. முதலில் தனி எபாக்ஸியை மரத்தில் பூசிக் குடிக்க விட வேண்டும். பிறகு சலித்த மரத்தூள் கலந்து கெட்டியாக்கிப் பூச வேண்டும். கிளாம்பை மூச்சு முட்ட இறுக்கினால் பசை முழுவதும் வெளியே வந்து மூட்டு பட்டினி கிடக்கும்.

4. எபாக்ஸிக்கு வெயில் ஆகாது. மேலே வார்னிஷோ பெயின்டோ கண்டிப்பாக வேண்டும். ஆக, பெயின்டும் தேவைதான். ஆனால் அது கடைசியில் வர வேண்டிய வேலை, முதலில் அல்ல!

ஸ்குரூ விஷயத்திலும் ஒரு வார்த்தை. சாதா இரும்பு துருப்பிடித்து வீங்கி மரத்தைப் பிளக்கும். பித்தளை பார்க்க அழகு. ஆனால் உப்புத் தண்ணீர் அதிலுள்ள துத்தநாகத்தை மெல்லத் தின்றுவிடும். மிஞ்சுவது இளஞ்சிவப்பாக, கையால் ஒடிக்கக்கூடிய செம்பு. எங்கள் படகிலிருந்து அப்படி ஒரு கைப்பிடி பித்தளை ஸ்குரூ எடுத்தோம். சுக்கான் கொண்டிக்கு இந்த முறை ஸ்குரூவே வேண்டாம் என்று முடிவு செய்தோம். பின்பலகையின் வழியாக ஊடுருவிப் போகும் 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட், உள்பக்கம் அகலத் தகடு, அதன்மேல் நட். துளையை முதலில் பெரிதாகப் போட்டு எபாக்ஸியால் நிரப்பி, அது இறுகிய பிறகு நடுவில் சரியான அளவில் மறுபடி துளைத்தோம். இப்போது போல்டு வழியாகத் தண்ணீர் கசிந்தாலும் அது தொடுவது எபாக்ஸியை, மரத்தை அல்ல.

கடைசியாக வார்னிஷ். முதல் கோட்டைத் தினர் கலந்து நீர்த்துப் பூசி, ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் நைஸ் உப்புத்தாள் போட்டு, ஆறு கோட். அடிப்பக்கத்துக்கு மறுபடி அதே நீலப் பெயின்ட்.

பாய் விரித்தால்...

காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கேதான் படகு போகும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பாய் என்பது நிற்க வைத்த விமான இறக்கை. வளைந்த பாயின் இரு பக்கமும் காற்று ஓடும்போது ஏற்படும் அழுத்த வேறுபாடு படகைப் பக்கவாட்டிலும் முன்னாலும் இழுக்கிறது. தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் நடுப்பலகை பக்கவாட்டு நகர்வைத் தடுக்கிறது. மிஞ்சுவது முன்னோக்கிய ஓட்டம். அதனால் காற்று வரும் திசைக்குச் சுமார் 45 டிகிரி வரை நெருங்கிப் போகலாம். நேர் எதிரே போக முடியாது. மலைப் பாதை மாதிரி வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும்.

நான் கற்றுக்கொள்ளாமல் விட்ட பாடம் ஒன்று உண்டு. அன்று தெரிந்திருந்தால் தம்பிக்குத் தையல் போட்ட பிறகாவது என் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். சுக்கான் இல்லாமலும் படகைத் திருப்பலாம்! படகைக் காற்றடிக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் சாய்த்தால் அது காற்றை நோக்கித் திரும்பும். காற்று வரும் பக்கம் சாய்த்து, முன்பாயை இழுத்துப் பிடித்தால் காற்றை விட்டு விலகும். இப்போது நாங்கள் புதியவர்களுக்கு முதல் வாரமே சுக்கானைக் கழற்றி வைத்துவிட்டு இதைத்தான் பழக்குகிறோம்.

இன்னொன்று மிதவை. மரப்படகு கவிழ்ந்தாலும் மரம் மிதக்கும் என்பது உண்மையே. ஆனால் ஆட்களையும் இரும்புச் சாமானையும் சேர்த்துத் தாங்காது. அதற்குத்தான் இருக்கைக்கு அடியில் காற்றுப் பைகள். ஆர்க்கிமிடிஸ் கணக்குப்படி 100 லிட்டர் காற்றுப் பை ஏறக்குறைய 100 கிலோவைத் தாங்கும். கரையிலேயே ஊதி, ஒரு இரவு வைத்துப் பார்த்து, காலையில் தொளதொளத்திருந்தால் அந்தப் படகு அன்று தண்ணீருக்குப் போகக் கூடாது. கவிழ்ந்தால் நீந்திக் கரைக்குப் போகவும் கூடாது. படகை விடாதீர்கள். நடுப்பலகையின் மேல் ஏறி நின்று நிமிர்த்துங்கள்.

போய் வருகிறோம்

பழுது பார்த்த படகை இரண்டாவது தடவை இறக்கும்போது அழைப்பிதழ் இல்லை, மாலை இல்லை. மாஸ்டர், நான், தம்பி, இன்னும் மூன்று பேர். இந்த முறை சுக்கானைத் தம்பி பிடித்தான். நான் முன்பாய். போகுமுன் அவன் மாஸ்டரிடம் குத்தூசியை வாங்கி, பின்பலகையில், கொண்டிக்குக் கீழே, சரியாக அந்த இடத்தில் ஓங்கிக் குத்தினான். புது வார்னிஷில் ஒரு புள்ளி விழுந்தது. ஊசி உள்ளே போகவில்லை. “சரிண்ணே, ஏறுங்க” என்றான். அவன் குத்திப் பார்த்தது எனக்கு வலித்தது. ஆனால் அவன் செய்தது சரி. அந்தப் புள்ளியை நாங்கள் வேண்டுமென்றே வார்னிஷ் போட்டு மூடவில்லை.

நாங்கள் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இந்த வருடத்தோடு போகிறோம். படகு கார்பென்டரி ஷாப்புக்குப் பின்னால் இருக்கிறது. தம்பி தங்கைகளுக்குச் சில வேண்டுகோள்கள் மட்டும்:

ஓட்டி முடித்ததும் உப்புப் போகக் கழுவினால், நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகே மூடுங்கள். பின்பலகையில் உள்ள வடிகால் துளைகளின் தக்கைகளைக் கழற்றி, முன்பக்கத்தை ஒரு சாண் தூக்கி வையுங்கள். விழுந்த மழை தானாக ஓடிவிடும். தார்ப்பாயை இறுக்கிக் கட்டாதீர்கள், இரண்டு பக்கமும் காற்றுப் போகட்டும். வார்னிஷில் சின்னக் கீறல் விழுந்தாலும் அன்றே ஒரு தொட்டுப் பூச்சு போடுங்கள். குத்தூசி மாஸ்டரின் மேஜை டிராயரில் இருக்கிறது. மாதம் ஒரு முறை எடுத்துக் குத்திப் பாருங்கள்.

குத்தூசி உள்ளே போனால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். கல்லூரி நாளைத் தள்ளிப் போட முடியாமல் போகலாம், ஆனால் படகு இறக்குவதைத் தள்ளிப் போட முடியும். ஐப்பசி மழை வருவதற்கு முன்னால் யாராவது ஒருவர் ஷெட்டுக்குப் போய், தக்கை கழன்றிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது போதும்.